கெட்டிப் பாறை நிலத்தில் தண்ணீர்: போர் போடும் முன்னும் பின்னும்

பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் மேட்டாங்காடு வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் முதலில் கேட்பது, "எத்தனை அடி போட்டா தண்ணி வரும்ங்க?" என்பதைத்தான். அதைவிடப் பயன் தரும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க போருக்கு கேசிங் எத்தனை அடி இறங்குச்சுங்க?"

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கெட்டிப் பாறை. கிரானைட், நைஸ், சார்னகைட் என்று பெயர் மாறினாலும் தண்ணீர் விஷயத்தில் குணம் ஒன்றுதான். பாறைக்கு உள்ளே தண்ணீர் தேங்க இடமே கிடையாது. மேலே வெயிலும் மழையும் பட்டு மக்கிப்போன பாறை அடுக்கில் தண்ணீர் தேங்குகிறது. அங்கிருந்து கீழே இருக்கும் விரிசல்களுக்குள் இறங்குகிறது. மக்கிய அடுக்குதான் தொட்டி, விரிசல்கள் அதிலிருந்து போகும் குழாய்கள். துளையின் மேல்பகுதி சரியாமல் இருக்கப் போடும் கேசிங் பைப்பை மண்ணும் மக்கிய பாறையும் முடிந்து கெட்டிப் பாறை வரும் வரை இறக்குவார்கள். ஆக, கேசிங் நீளத்தைக் கேட்டால் அந்த இடத்துத் தொட்டியின் ஆழத்தையே கேட்டதாக ஆகிறது. 15 அடியில் கேசிங் நின்ற இடத்தில் 1,000 அடி போட்டாலும் அதற்கு ஊட்டம் கொடுக்க மேலே ஒன்றும் இல்லை. 60, 70 அடி கேசிங் போன இடத்தில் 250 அடி போரே பல வருடம் ஓடும்.

போர் துளைக்குள் தண்ணீர் சேமிப்பு இருக்கும் என்று நம்பி ஆழம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆறரை இன்ச் துளையில் ஒரு அடிக்கு ஆறரை லிட்டர்தான் நிற்கும். 1,000 அடி துளை வாய் வரை நிரம்பி இருந்தாலும் 6,500 லிட்டர். 30 அடிக்கு 30 அடி கிணற்றில் 10 அடி தண்ணீர் கிடந்தால் இரண்டரை லட்சம் லிட்டர்.

ஆழத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 5 ஹெச்.பி. மோட்டார் 200 அடியிலிருந்து மணிக்குச் சுமார் 9,000 லிட்டர் ஏற்றும் என்றால், அதே திறனில் 800 அடியிலிருந்து ஏற்றுவது 2,200 லிட்டர்தான். விவசாய இணைப்புக்கு மின்கட்டணம் இல்லாவிட்டாலும், மும்முனை மின்சாரம் வரும் நேரம் கணக்கானது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் பயிருக்குப் போய்ச் சேரும் தண்ணீர்.

முதல் வேலை: நிலத்தைச் சுற்றி நடப்பது

சித்திரை, வைகாசியில் செய்ய வேண்டிய வேலை இது. மழை முடிந்த கையோடு பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத் தெரியும். நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கும் கிணறுகளையும் போர்களையும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து கிடைத்தால் போதும். ஒவ்வொன்றிலும் மொத்த ஆழம், கேசிங் நீளம், முதல் தண்ணீர் எந்த அடியில் வந்தது, அடுத்தது எதில், மோட்டார் எந்த ஆழத்தில் தொங்குகிறது, இப்போது விடாமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டுக் குறிக்க வேண்டும். வறண்ட போர்களையும் கேட்க வேண்டும். மக்கள் அவற்றைச் சொல்லத் தயங்குவார்கள், ஆனால் விரிசல் எங்கே இல்லை என்பதைச் சொல்லிக் கொடுப்பவை அவைதான்.

இவற்றைப் புலப்படத்தின் நகலிலோ கைப்பேசி வரைபடத்திலோ புள்ளிகளாக வைத்தால் பல இடங்களில் நல்ல போர்கள் ஒரே கோட்டில் விழுவதைக் காணலாம். செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கோடு நேராகப் போகும் பள்ளமாகவோ, கோடையிலும் பச்சையாக நிற்கும் மரவரிசையாகவோ தெரியும். அது பாறையின் விரிசல் கோடு. அந்தக் கோடு உங்கள் நிலத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பதுதான் நடையின் நோக்கம்.

கரிய உருண்டைக் கற்கள் நேர்கோட்டில் வரப்பு மாதிரி கிடந்தால் அது டைக் என்னும் கருங்கல் சுவராக இருக்கலாம். பாறைக்குள் செங்குத்தாக நிற்கும் அந்தச் சுவர் நிலத்தடி ஓட்டத்தை அணைபோல மறிக்கும். சுவருக்கு மேட்டுப்புறம் தண்ணீர் தேங்கும், பள்ளப்புறம் வறண்டு கிடக்கும். நூறு அடி இடைவெளியில் ஒரு போர் பொங்குவதும் அடுத்தது தண்ணீரில்லாமல் வெறும் தூள் புகை விடுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மருதம், நாவல், அத்தி, புங்கன் போன்ற மரங்களையும் கறையான் புற்றையும் வைத்து நீர் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்த மரங்கள் சொல்வது வேர் எட்டும் ஆழத்து ஈரத்தை மட்டும். கிணறு வெட்ட நல்ல துப்பு, 400 அடி போருக்குத் துப்பு ஆகாது. தேங்காய், வேப்பங்கவட்டை, எலுமிச்சை வைத்துப் பார்ப்பதற்கு நிலவியல் அடிப்படை இல்லை. மேல்மட்டத் தண்ணீர் பரவலாக இருக்கும் ஊரில் எங்கே கை காட்டினாலும் ஏதோ வரும், அதனால் நம்பிக்கை நிலைத்துவிட்டது.

மின்தடை ஆய்வு

நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் மின்னழுத்தம் அளந்து, பூமிக்குள் மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் முறை இது. மக்கிய ஈரப் பாறையில் மின்தடை குறைவு. விரிசல் இல்லாத கெட்டிப் பாறையில் ஆயிரம் ஓம்-மீட்டருக்கு மேல் போகும். பத்து ஓம்-மீட்டருக்குக் கீழே இருந்தால் களிமண்ணோ உப்புத் தண்ணீரோ இருக்கக்கூடும். "மின்தடை குறைவு, தண்ணி நிறைய" என்று ஒற்றை வரியில் சொல்கிறவரிடம் இதைக் கேட்க வேண்டும்.

ஆய்வாளரின் நேர்மையை அளக்க எளிய வழி, அவர் விரிக்கும் வயரின் நீளம். 300 அடி ஆழம் பார்க்க வேண்டுமானால் வெளிக்கம்பிகள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 அடி விரிய வேண்டும். நூறு அடி வயரை விரித்துவிட்டு "800 அடியில் ஓட்டம் இருக்கு" என்று சொன்னால் அது ஆய்வு கிடையாது. அளவீட்டு எண்களையும் வரைபடத்தையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பிவேலி, புதைத்த இரும்புக் குழாய், உயரழுத்த மின்கம்பி இவற்றின் பக்கத்தில் எடுத்த அளவு தவறாகும். ஒரே இடத்தில் பார்ப்பதைவிட, நடையில் தேர்ந்த மூன்று நான்கு இடங்களில் பார்த்து ஒப்பிடுவது நல்லது. இந்த ஆய்வு மக்கிய அடுக்கின் கனத்தை நன்றாகச் சொல்லும். ஆழத்தில் இருக்கும் மெல்லிய ஒற்றை விரிசலை உறுதியாகச் சொல்லாது.

ரிக் வந்த நாள்

ஊராட்சி அனுமதியை முன்பே வாங்கி வைக்க வேண்டும். துளை போடும் ரிக் வண்டி வரும் நாளில் நிலத்துக்காரர் நிழலில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு நோட்டு, கடிகாரம், சின்ன பிளாஸ்டிக் கவர்கள், வாளி போதும். துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் ராடு பெரும்பாலும் 15 அல்லது 20 அடி. ஒவ்வொரு ராடுக்கும் இறங்கிய நேரம், வெளிவந்த தூளின் நிறம், தண்ணீர் இருந்ததா என்று எழுதி, ஒரு பிடி தூளைக் கவரில் போட்டு அடி எண்ணை எழுத வேண்டும்.

தூள் பழுப்பாகவோ செம்மையாகவோ இருந்தால் இன்னும் மக்கிய பாறை. சாம்பல் வெள்ளையில் மாவு மாதிரி புகைந்தால் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறைக்கு நடுவே துரு நிறம் படிந்த சில்லுகளோ வெள்ளை வெங்கச்சங்கல் துண்டுகளோ வந்தால் விரிசல் பக்கத்தில் இருக்கிறது. ராடு திடீரென்று அரை அடி, ஒரு அடி சட்டென இறங்கினால் அது விரிசலின் இடைவெளி, ரிக்காரர் மொழியில் "கேப்". எந்த அடியில் என்று அப்போதே குறிக்காவிட்டால் பின்னால் யாருக்கும் நினைவிருக்காது.

கேசிங் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கெட்டிப் பாறைக்குள் இரண்டு மூன்று அடி இறங்கி உட்கார்ந்தால் போதும். குறைவாக நிறுத்தினால் மண் சரிந்து போர் தூரும், கலங்கல் தண்ணீர் மோட்டாரைத் தின்னும். அதிகமாக இறக்கினால் வேறு இழப்பு. மக்கிய பாறையும் கெட்டிப் பாறையும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் நல்ல தண்ணீர் ஓடும். அங்கே துளையில்லாத பைப்பை இறக்கினால் காசு கொடுத்து ஊற்றை அடைத்தது மாதிரி. அந்த மட்டத்தில் ஈரம் தெரிந்து, பாறை மாவாக இல்லாமல் சரளையாக உதிர்ந்தால், கடைசி 10, 20 அடி கேசிங்கில் ஹேக்சா பிளேடால் மெல்லிய கீறல்கள் போட்டு, வெளியே பொடிக் கூழாங்கல் கொட்டி இறக்கச் சொல்லலாம். ரிக்காரர் நேரம் ஆகிறது என்று முனகுவார், விடக் கூடாது. மாவு மண்ணாக இருந்தால் இதைச் செய்யவே கூடாது, அத்தனையும் உள்ளே வரும். குடிக்கும் தண்ணீர் போரென்றால் மேல் 20, 30 அடிக்குக் கீறல் இல்லாத பைப்பும், அதைச் சுற்றிக் களிமண் அல்லது சிமென்ட் அடைப்பும் கட்டாயம்.

எங்கே நிறுத்துவது? இதை ரிக் வரும் முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, "இன்னும் ஒரு நூறு அடி போட்டா வந்துடும்ங்கண்ணா" என்று ஆபரேட்டர் சொல்லும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. அடிக்கு அடி கட்டணமும் ஆழத்தோடு ஏறிக்கொண்டே போகும். கெட்டிப் பாறையில் தண்ணீர் தரும் விரிசல்களில் பெரும்பாலானவை முதல் 300 அடிக்குள் இருக்கின்றன, கீழே போகப் போக அவை குறையும், குறுகும். கோவை, திருப்பூர் பக்கம் 1,000 அடிக்கு மேல் போட்டுத் தண்ணீர் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் ஆழத்தில் கிடைக்கும் பழைய தண்ணீருக்கு மறு ஊட்டம் மெதுவாகவே வரும். அக்கம்பக்கத்துக் கணக்கில் 350 அடிக்குக் கீழே யாருக்கும் புதுத் தண்ணீர் வரவில்லை என்றால் உங்கள் எல்லை 350. மிச்சக் காசில் வேறு இடம் பார்க்கலாம், அல்லது பழைய கிணற்றைச் சீர்செய்யலாம்.

"ரெண்டு இன்ச் தண்ணி" என்றால் என்ன

போர் தண்ணீரை இன்ச்சில் சொல்வது ஒரு முக்கோண வெட்டுத் தகட்டின் அளவு. 90 பாகைக் கோணத்தில் வெட்டிய தகட்டின் வழியே தண்ணீர் வழியும்போது, வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எத்தனை இன்ச் என்று பார்ப்பது. 1 இன்ச் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். 2 இன்ச் அதன் இரட்டிப்பு இல்லை, ஐந்தரை மடங்குக்கும் மேல்: சுமார் 2,900 லிட்டர். 3 இன்ச் ஏறத்தாழ 8,000 லிட்டர். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே கண்ணால் பார்த்துச் சொல்வது ஆபத்தானது. மட்டத்தை வெட்டின் வாயில் அளக்கக் கூடாது, அங்கே தண்ணீர் வளைந்து தாழும். ஒரு அடி பின்னால் தள்ளி, அலை இல்லாத இடத்தில் அளக்க வேண்டும். கடைசி ராடு முடிந்தபின் ஒரு மணி நேரமாவது விடாமல் கம்ப்ரசரால் துளைக்குள் ஏர் அடிக்கச் சொல்லி, அதற்குப் பின் வரும் அளவைத்தான் எழுத வேண்டும். முதலில் பீறிடுவது விரிசலில் தேங்கிக் கிடந்தது.

கணக்கு தேவையிலிருந்து தொடங்கட்டும். ஒரு ஏக்கரில் 25 அடி இடைவெளியில் 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்குக் கோடையில் 80 லிட்டர் என்றால் நாளுக்கு 5,600 லிட்டர். 1 இன்ச் போர் 11 மணி நேரம் ஓடினால் அது தேறும், தொட்டி ஒன்று வேண்டும். அதே தண்ணீரை வாய்க்கால் பாசனத்துக்கு விட்டால் கால் ஏக்கர்கூட நனையாது. ஒரு ஏக்கரில் ஒரு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தேவை.

மோட்டாரை இறக்கும்போது அதன் பைப்போடு சேர்த்து அரை இன்ச் பி.வி.சி. பைப் ஒன்றையும் கட்டி இறக்கிவிட வேண்டும். செலவு சொற்பம். பின்னால் இரட்டை வயரின் நுனியை அதன் வழியே விட்டு, மல்டிமீட்டர் முள் அசையும் இடத்தைப் பார்த்து நீர்மட்டத்தை எந்த நாளும் அளக்கலாம். மாதம் ஒரு முறை, மோட்டார் ஓய்ந்து எட்டு மணி நேரத்துக்குப் பின் அளந்து சுவரில் எழுதி வைத்தால், போர் வற்றப் போவது ஒரு வருடம் முன்பே தெரியும். மோட்டாரை அடி மட்டத்தில் உட்கார வைக்காமல் 15, 20 அடி மேலே தொங்கவிட வேண்டும். வரத்தைவிடப் பெரிய மோட்டார் போட்டால் காற்று இழுத்து எரியும். தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்திவிடும் உலர் ஓட்டத் தடுப்பு ஸ்டார்ட்டர், ஒரு மோட்டார் எரிவதைத் தடுத்தாலே தன் விலையை எடுத்துவிடும்.

பழைய கிணறு இருந்தால் அதுதான் முதலில்

வற்றிய கிணற்றை மூடிவிட்டுப் போர் போடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பாட்டன் காலத்தில் கையால் வெட்டிய அந்தக் குழி மக்கிய பாறையை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறது. அதை இன்று வெட்ட ஆகும் செலவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வரத்தை அளக்கலாம். 24 அடிக்கு 24 அடி கிணற்றில் ஒரு அடி தண்ணீர் என்பது 16,300 லிட்டர். ஐந்தடி இறைத்துவிட்டு நிறுத்தி, 4 மணி நேரத்தில் ஒன்றரை அடி ஏறினால் மணிக்கு 6,100 லிட்டர் ஊறுகிறது. மட்டம் ஏற ஏற ஊறும் வேகம் குறையும், அதனால் இறைத்து முடித்த உடனே எடுத்த அளவே கிணற்றின் உச்ச வரத்து.

பிறகு தூர் வாருவது. அடியில் சேர்ந்த சேறு நான்கைந்து அடி இருக்கும், ஊற்றுக் கண்கள் அதற்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும். பயன்படுத்தாத ஆழக் கிணற்றில் காற்று கெட்டிருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது உயிர்க்காற்றுக் குறைவைக் காட்டும், டீசல் புகையின் நச்சைக் காட்டாது. டீசல், பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. இறங்குகிறவர் இடுப்பில் கயிறும், மேலே இரண்டு பேரும் இருக்க வேண்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் வெறுமனே குதிக்கக் கூடாது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் செத்த விபத்துகள் இப்படித்தான் நடந்தன.

சைடு போர் என்பது கிணற்றுச் சுவரில் கிடைமட்டமாகப் போடும் ஒன்றரை முதல் மூன்று இன்ச் துளை. நூறு அடி வரையும் அதற்கு மேலும் போகும். சுவரில் ஈரம் கசியும் கோட்டைக் கோடையில் குறித்து வைத்து, அந்தக் கோட்டில், ஓடை அல்லது ஏரி இருக்கும் திசையில் போட வேண்டும். துளை உள்ளே போகப் போகக் கொஞ்சம் மேல் நோக்கி ஏறினால்தான் தண்ணீர் கிணற்றுக்கு வடியும். கெட்டிப் பாறை மட்டத்தில் நான்கு திசையும் போட்டுக் காசைக் கரைப்பதில் பயனில்லை.

கிணற்றுக்குள் செங்குத்தாகப் போர் போடுவது இருமுனைக் கத்தி. சுற்றிலும் ஆழப் போர்கள் இறைத்துக் கீழ்மட்டம் காலியாகி இருந்தால், உங்கள் துளை வழியே கிணற்றுத் தண்ணீர் கீழே வடிந்து போகும். மழையில் நிரம்பிய கிணறு ஒரே மாதத்தில் வறண்டால் இதுதான் காரணம். துளையின் வாயில் கேசிங் பைப்பை உயர்த்தி, கிணற்றின் மழைக்கால மட்டத்துக்கு மேல் நிறுத்தி, அடியைச் சிமென்டால் அடைத்துவிட்டால் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடுவதை ஈரோட்டு விவசாயிகள் பலர் எதிர்த்தது இந்தக் கிணறுகளை நினைத்துத்தான். கசிவு என்று காகிதத்தில் இருப்பது கிணற்றில் ஊற்றாக வருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குப் பவானி உபரி நீரைக் கொண்டுவர ஏற்பாடு. அந்தப் பட்டியலில் உள்ள குளத்துக்குக் கீழே உங்கள் நிலம் இருந்தால் புதுப் போருக்கு முன், பழைய கிணற்றின் மட்டத்தை இரண்டு பருவம் அளந்து பாருங்கள்.

மழையை உள்ளே அனுப்புவது

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை 4,047 லிட்டர். 40 மில்லிமீட்டர் கொட்டி, கால் பங்கு ஓடிப்போனாலும் ஏக்கருக்கு 40,000 லிட்டர் வரப்பைத் தாண்டுகிறது. அதை மறித்துக் கிணற்றுக்கு விட, முதலில் 6×4×4 அடி வண்டல் தொட்டி. அடுத்து 6×6 அடியில், 6 அடி ஆழ வடிகட்டிக் குழி: அடியில் இரண்டடி பெரிய கல், மேலே ஒன்றரை அடி 40 மில்லிமீட்டர் ஜல்லி, ஒரு அடி 20 மில்லிமீட்டர் ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் ஒரு அடி பெருமணல். குழியின் அடியிலிருந்து 6 இன்ச் பைப் கிணற்றுக்குள் நீண்டு விழ வேண்டும், சுவரோடு ஒட்டி விழுந்தால் சுவர் அரிக்கும். முதல் மழை அழுக்கை வெளியே திருப்பிவிட ஒரு மாற்று வழி வைக்க வேண்டும். இவை தோற்பது ஒரே காரணத்தால்: மணலின் மேல் வண்டல் படிந்து இறுகுவது. ஐப்பசி மழைக்கு முன் மேல் இரண்டு மூன்று இன்ச் மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டும். மாட்டுக் கொட்டகை, மருந்து அடித்த வயல் இவற்றின் தண்ணீரைப் போருக்குள் நேரடியாக விடவே கூடாது. கெட்டிப் பாறை விரிசல் எதையும் வடிகட்டாது, அடுத்த தோட்டத்துக் குடிதண்ணீர் கெடும்.

பண்ணைக் குட்டை 20 மீட்டருக்கு 20 மீட்டர், 2 மீட்டர் ஆழம், சரிந்த கரையோடு வெட்டினால் ஆறரை லட்சம் லிட்டர் கொள்ளும். கிணற்றுக்கு மேட்டுப்புறம், சரளை மண்ணில் வெட்டினால் கிணறு ஏறும். தேக்கி வைத்துப் பாசனம் செய்யத்தான் என்றால் தார்பாய் விரிக்க வேண்டும். கோடையில் அதில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 2,000 லிட்டர் போகும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புதுத் தண்ணீரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவி, ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குடிக்க எடுப்பதென்றால் ஃபுளோரைடு தனியாகப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-க்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.

வறண்ட துளை

தண்ணீர் வராத போரின் வாயில் கல்லை உருட்டி வைத்துவிட்டு வருவது கொலைக்குச் சமம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போனது அப்படிப்பட்ட துளையில்தான். உச்ச நீதிமன்றம் 2010-லேயே கைவிட்ட துளைகளை அடியிலிருந்து மேல் வரை நிரப்பச் சொல்லி இருக்கிறது. கேசிங்கை உருவி விற்பதற்கு முன் யோசிக்க வேண்டும். உருவினால் வாய் அகன்று சரியும். ரிக் நிலத்தை விட்டுப் போகும் முன்பே இரும்பு மூடியை வெல்டிங் செய்தோ போல்ட் போட்டோ மூடி, பிறகு களிமண், மணல், சிறுகல் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். அடுத்த மழைக்குப் பின் போய்ப் பார்த்து, மண் இறங்கியிருந்தால் மறுபடியும் நிரப்பி மிதித்துவிட்டு வர வேண்டும்.